பெயர்ப் பலகையில் இருக்கும் பாடம்



திருக்கோகர்ணம் கடைத்தெருவானாலும் புதுக்கோட்டை நகரானாலும் 'புரொவிஷன் ஸ்டோர்ஸ்' என்ற பலகை நம் கண்ணில் படாமல் போகாது. மளிகைக் கடைக்கு ஆங்கிலப் பெயர் அது என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசித்தோமா? பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்த நாங்களும் பல ஆண்டுகள் யோசிக்கவில்லை. இம்மாதம் அந்த ஒரு சொல்லையே பாடமாக வைத்துக்கொள்வோம்.

இதன் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. 'புரோ' என்றால் முன். 'விதேரே' என்றால் பார்த்தல். இரண்டும் சேர்ந்தால் முன்கூட்டிப் பார்த்தல். ('வீடியோ' என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான்.) வரப்போவதை முன்கூட்டிப் பார்த்துச் சேர்த்து வைப்பது புரொவிஷன். பின்னாளில், சேர்த்து வைத்த உணவுப் பண்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஆக, அரிசியும் பருப்பும் பிந்தி வந்த பொருள். முன்யோசனையே முதற்பொருள்.

இச்சொல்லின் உறவுக்காரர்களையும் தெரிந்துகொள்வோம்.

பிராவிடண்ட்: முன்யோசனையோடு சேமிக்கிறவரைக் குறிக்கும். 'பிராவிடண்ட் பண்ட்' இதிலிருந்து வந்தது. இதற்கு எதிர்ச்சொல் 'இம்பிராவிடண்ட்'. அன்றைய வரவை அன்றே செலவழிப்பவர்.

புரொவிஷனல்: 'தற்காலிகமான' என்று பொருள். நிலையான ஏற்பாடு வரும்வரை செய்துகொள்ளும் ஏற்பாடு. நம் பிள்ளைகள் கல்லூரியில் முதலில் வாங்கிவரும் சான்றிதழ் இந்த வகை.

கணக்கில் புரொவிஷன்: வரக்கூடிய நட்டத்துக்காக முன்னதாகவே ஒதுக்கி வைப்பது. வாராக்கடன் ஒதுக்கு என்கிறோமே, அது.

ஓர் எச்சரிக்கை. விலை ஏறும் என்று சரக்கைப் பதுக்குவதற்கு இந்தச் சொல் பொருந்தாது. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது ஆண்டுத் தேவைக்கு வாங்கி வைப்பது முன்யோசனை. அளவுக்கு மீறி அடுக்கிவிட்டு விலைக்குக் காத்திருப்பது சூதாட்டம். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டப்படி அரசு இருப்பு வரம்பு விதிக்கலாம். 2024இல் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் விதித்தது.

முன்யோசனைக்கு நல்ல உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுக்கோட்டை நகரம் தீக்கிரையானது. விஜயரகுநாதத் தொண்டைமான் காலத்தில் ஊரைத் திரும்பக் கட்டியபோது, தெருக்களை நேராகவும் அகலமாகவும், ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும்படியும் அமைத்தார்கள். அன்று அங்கே ஓடியவை மாட்டு வண்டிகள்தாம். இருநூறு ஆண்டு கழித்து, அதே ராஜ வீதிகளில் லாரி நின்று நம் சரக்கு இறங்குகிறது. எரிந்த இடத்தில் பழையபடியே கட்டியிருந்தால் நம் கதி என்னவாகியிருக்கும்?

எங்கள் முன்யோசனைக் குறைவையும் சொல்லிவிடுகிறோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து நம் மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. எங்கள் கிட்டங்கியின் கூரைத் தகடுகள் பறந்தன. சீனி மூட்டைகள் நனைந்து கரைந்தன. கட்டடத்துக்குக் காப்பீடு இருந்தது, சரக்குக்கு இல்லை. அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னைகள் சாய்ந்துவிட்டன. தோப்புக்காரர் கையில் பணமில்லை. அவருக்குக் கடன் கொடுத்த சில்லறைக் கடைக்காரரால் எங்களுக்குத் தர முடியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? நாங்களோ கொள்முதல் செய்த இடத்தில் தவணை சொல்லி நின்றோம். வீட்டு நகை அடகுக்குப் போனது. பலகையில் இருந்த சொல் எங்கள் பேரேட்டில் இல்லை என்பது அன்றுதான் புரிந்தது.

அதன்பின் நாங்கள் கடைப்பிடிக்கும் மூன்று காரியங்களைச் சொல்கிறோம். முதலாவது, கடனுக்குப் போகும் சரக்கில் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று வாரக் கடைசியில் தனி வங்கிக் கணக்கில் போடுகிறோம். இது நம் பாதுகாப்புக்காக மட்டுமே. வருமான வரிக்கு வெறும் ஒதுக்கீடு செலவாகாது, வராத கடனைப் பேரேட்டில் தள்ளி எழுதினால்தான் செல்லும். ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, காப்பீட்டுப் பத்திரத்தில் சரக்கும், புயல் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று ஆண்டுதோறும் படித்துப் பார்க்கிறோம். மூன்றாவது, முதலாளியின் முதுமை. இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளைப் பொதுவாக பி.எப். சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் 1968இல் வந்த பொது பிராவிடண்ட் பண்ட் கணக்கை நாம் அஞ்சலகத்திலேயே தொடங்கலாம். தவணைக் காலம் 15 ஆண்டு. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை போடலாம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்று நம் பெரியவர்கள் சொன்னதும், அந்தப் பலகை சொல்வதும் ஒன்றுதான். நாளைக் காலை கடை திறக்கும்போது ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பிறகு உள்ளே போய்ப் பேரேட்டைத் திறந்து, அந்தச் சொல் அங்கேயும் இருக்கிறதா என்று தேடுங்கள்.