நீளமான ஸ்ட்ரிங்கும் காணாமல் போன ஒரு கமாவும்

போன வருஷம் என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். கடைசி நாள் நாலு ஊர்ப் பசங்களையும் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போறதா பிளான். ஊருக்கு ஒரு நோட்டீஸ். அதை பிரின்ட் எடுக்க பைத்தானில் புரோகிராம் எழுதினது நான்தான்.

நோட்டீஸ் வாசகம் ஒரே வரியில் ஸ்கிரீனைத் தாண்டி ஓடியது. பைத்தானின் ஸ்டைல் கைடான பெப் 8, ஒரு வரிக்கு 79 கேரக்டர் போதும்னு சொல்லுது. எப்படி வெட்டுறது?

வரி முடிவில் பேக்ஸ்லாஷ் போடலாம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்தாலே சின்டாக்ஸ் எரர். மூணு கோட்ஸ் போட்டா எரர் வராது. நாம அழகுக்காக விட்ட இன்டென்ட்டும் என்டரும் வாசகத்துக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்.

நல்ல வழி, அடைப்புக்குறி:

செய்தி = (
    "காவலூர் வைனு பாப்பு வானாய்வகத்தில் உள்ள "
    "2.34 மீட்டர் தொலைநோக்கி "
    "1986-ல் திறக்கப்பட்டது."
)

பக்கத்துப் பக்கத்துல இருக்குற ஸ்ட்ரிங்குகளை, கம்பைல் பண்ணும்போதே பைத்தான் ஒண்ணா ஒட்டிடும். பிளஸ் குறி வேண்டாம். துண்டோட கடைசியில ஸ்பேஸ் விட மறந்தா "உள்ள2.34"ன்னு வரும். எஃப்-ஸ்ட்ரிங்னா, வேரியபிள் வர்ற ஒவ்வொரு துண்டுக்கும் தனியா எஃப் போடணும். (பைத்தான் 3-ல் வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், மேலே பாருங்க!)

இதே வசதிதான் என்னைக் கவுத்துச்சு:

ஊர்கள் = [
    "ஜமுனாமரத்தூர்",
    "புதூர்நாடு"
    "நெல்லிவாசல்",
    "புங்கம்பட்டு",
]

புதூர்நாட்டுக்குப் பின்னாடி கமா இல்ல. எரரும் வரல. ரெண்டு ஊரும் ஒட்டி ஒரே ஊராகி, மூணு நோட்டீஸ்தான் பிரின்ட் ஆச்சு. எண்ணிப் பார்க்காம மடிச்சுப் பையில வச்சுட்டேன். நெல்லிவாசல்ல இறங்கிப் பையைத் திறந்தப்போ ஒரு பையன் கேட்டான்: "எங்க ஊருக்கு இல்லையாண்ணா?" நோட்டுல இருந்து தாளைக் கிழிச்சு, கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

ஞாபகம் வச்சுக்கோங்க. அடைப்புக்குறிக்குள்ள துண்டுகளுக்கு நடுவுல கமா போட்டா, அது ஸ்ட்ரிங் இல்ல, டியூப்பிள். லிஸ்ட்டுல கமாவை விட்டா, ரெண்டு ஒண்ணாயிடும். அதனால லிஸ்ட்டுல கடைசி வரி உட்பட எல்லா வரிக்கும் கமா போடுங்க. நாலு ஊர்னா நீளம் நாலான்னு ஒரு அசர்ட் வரியும் சேருங்க. பைத்தான் கேட்காத கேள்வியை நாமதான் கேட்கணும்.