எஃப்.பி.ஜி.ஏ. போர்டுக்கு இலவச மாதிரி டிசைன்: தேடவும் பொருத்தவும் சில குறிப்புகள்

கீபோர்டு, டிஸ்ப்ளே, சீரியல் போர்ட் என எதை இணைத்தாலும் மாதிரி டிசைனில் இரண்டு பகுதிகள் இருக்கும். வேலையைச் செய்யும் மாட்யூலை எங்கிருந்தும் எடுக்கலாம். பின் விவரம் மட்டும் உங்கள் போர்டுக்கே உரியதாக இருக்க வேண்டும்.

1. முதலில் போர்டு தயாரித்த நிறுவனத்திடம் தேடுங்கள். டிஜிலன்ட் தன் போர்டுகளின் பின் விவரம் அடங்கிய மாஸ்டர் எக்ஸ்.டி.சி. கோப்புகளை கிட்ஹப்பில் இலவசமாகத் தருகிறது. வரிகளின் முன்னால் # போட்டிருப்பார்கள். தேவையான வரிகளில் மட்டும் அதை நீக்கிவிட்டு, போர்ட் பெயர்களை உங்கள் கோடில் உள்ளபடி மாற்றினால் போதும்.

2. டெராசிக் போர்டு வைத்திருப்பவர்கள் அதற்கான சிஸ்டம் சி.டி.யை டவுன்லோடு செய்யுங்கள். டி.இ.10 லைட்டுக்கு வி.ஜி.ஏ., எஸ்.டி.ரேம், முடுக்கமானி டெமோக்கள் முழு புராஜெக்ட்டாகவே உள்ளே இருக்கின்றன.

3. விவாடோ மென்பொருளின் ஐ.பி. கேட்டலாகில் லைசென்ஸ் பத்தியைப் பாருங்கள். யு.ஏ.ஆர்.டி. லைட், குவாட் எஸ்.பி.ஐ. போன்றவை மென்பொருளோடு இலவசமாகவே வருகின்றன. ட்ரை-மோட் ஈதர்நெட் மேக் விலைக்குரியது. புராஜெக்ட் பாதியில் நிற்காமலிருக்க இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

4. 1999 முதல் இயங்கும் ஓப்பன்கோர்ஸ் தளத்தில் ஐ2சி, எஸ்.பி.ஐ., 16550 யு.ஏ.ஆர்.டி. எல்லாம் கிடைக்கும். பதிவு செய்துகொண்டால்தான் டவுன்லோடு செய்யலாம். பல கோர்கள் விஷ்போன் பஸ்ஸுக்காக எழுதப்பட்டவை. டெஸ்ட்பெஞ்ச் இல்லாத கோரை நான் தொடவே மாட்டேன், நீங்களும் தவிர்த்துவிடுங்கள்.

5. ஈதர்நெட், டி.டி.ஆர். மெமரி, எஸ்.டி. கார்டு என்று பெரிதாகப் போனால் லைட்எக்ஸ் என்ற கருவி அருமையான துணை. பைத்தானில் எழுதப்பட்டது, பி.எஸ்.டி. லைசென்ஸ். ஏராளமான போர்டுகளின் பின் விவரமும் அதன் போர்டு தொகுப்பிலேயே உண்டு.

6. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி பிராசஸரையும் அதன் யு.ஏ.ஆர்.டி., எஸ்.பி.ஐ., ஐ2சி பகுதிகளையும் திறந்த மூலமாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ஆர்ட்டி ஏ7 போர்டில் ஓடும். ப்ளூஸ்பெக்கில் எழுதப்பட்டிருப்பதால் வெரிலாக் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் ஒரு முழு சிப்பில் இவை எப்படிச் சேருகின்றன என்று கற்க, நம் ஊரிலேயே இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

7. எடுத்த கோடை உடனே போர்டில் ஏற்றாதீர்கள். க்ளாக் கணக்கைச் சரிபாருங்கள். 115200 பாட் வேகத்துக்கு 50 மெகாஹெர்ட்ஸ் போர்டில் வகு எண் 434. அதே எண்ணை டிஜிலன்ட்டின் பேஸிஸ் 3 போர்டின் 100 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் வேகம் இரட்டிப்பாகி, டெர்மினலில் குப்பை எழுத்துகள்தான் வரும். 868 என்று மாற்றுங்கள்.

8. ஏழு-செக்மென்ட் டிஸ்ப்ளேயில் போர்டுக்கு போர்டு வேறுபாடு அதிகம். டி.இ.10 லைட்டின் ஆறு இலக்கங்களுக்கும் தனித்தனிப் பின்கள். பேஸிஸ் 3-இல் நான்கு இலக்கங்களும் செக்மென்ட் பின்களைப் பங்கிட்டுக்கொள்வதால் மாற்றி மாற்றி எரியவிட வேண்டும். ஆனோடு, செக்மென்ட் இரண்டுக்குமே 0 கொடுத்தால்தான் எரியும். புஷ் பட்டனும் போர்டுக்கு போர்டு வேறுபடும்: பேஸிஸ் 3-இல் அழுத்தினால் 1, டி.இ.10 லைட்டில் அழுத்தினால் 0.

9. பேஸிஸ் 3-இல் யு.எஸ்.பி. கீபோர்டை இணைக்க யு.எஸ்.பி. டிசைனைத் தேடி அலைய வேண்டாம். போர்டிலுள்ள மைக்ரோகன்ட்ரோலரே அதை பி.எஸ்/2 சிக்னலாக மாற்றித் தந்துவிடும். 11 பிட் ஃபிரேமைப் படிக்கும் எளிய பி.எஸ்/2 மாட்யூல் போதும்.

10. லைசென்ஸ் கோப்பைப் படியுங்கள். எம்.ஐ.டி., பி.எஸ்.டி. என்றால் பதிப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வரிகளையும் விடாமல் வைத்திருங்கள். ஜி.பி.எல். கோடு சேர்ந்த பொருளை விற்கப்போகிறீர்கள் என்றால் உங்கள் மூலக் கோடையும் தர வேண்டிவரும்.

11. வெளிச் சாதனங்களை இணைக்கும் பீமாட் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் எல்.சி.டி.யை இணைக்கும்போது அதன் ஆர்/டபிள்யூ காலை கிரவுண்டில் கட்டிவிடுங்கள். இல்லையெனில் எல்.சி.டி. திருப்பி அனுப்பும் 5 வோல்ட் எஃப்.பி.ஜி.ஏ.வின் பின்னைப் பாழாக்கலாம்.