எழுத்தும் ஒலியும்: ஓர் அமெரிக்கப் பெயர்

அமெரிக்க இடப்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிப்போர் இடறுவதற்கு ஆர்க்கன்சா மாநிலம் தக்க சான்றாகும். குவாப்பா என்னும் பூர்வகுடியினரை இல்லினாய் மக்கள் அழைத்த பெயரைக் கேட்ட பிரெஞ்சுக்காரர், பன்மைக்குரிய ‘எஸ்’ சேர்த்து எழுதினர். அவர்தம் நாவில் அஃது ஒலிப்பதில்லை. ஆங்கிலம் பேசுவோருள் சிலர் எழுத்தை நம்பி அதனையும் ஒலித்தனர். வழக்கு நீளவே, இறுதி எழுத்து ஒலியாது என 1881இல் அம்மாநிலச் சட்டமன்றம் தீர்மானித்தது. ஓர் எழுத்துக்கு ஒரு சட்டமன்றம்! எனினும், அப்பெயருடைய ஆறு கான்சஸ் மாநிலத்தில் பாயும்போது, அங்குள்ளோர் பலர் ‘அர்க்கேன்சஸ்’ என்றே வழங்குகின்றனர். தமிழில் நாம் ‘ஆர்க்கன்சாஸ்’ என எழுதுவது ஆங்கில எழுத்தைக் கண்டேயன்றி அம்மாநிலத்தார் ஒலிப்பைக் கேட்டன்று. ‘ஆர்க்கன்சா’ என்பதே பொருந்தும் எனக் கருதுகிறோம்.