செருகியதும் இயங்கும் கருவிகள்

கணினியில் சுட்டியைச் செருகியவுடன் அது இயங்கத் தொடங்குகிறது. இவ்வெளிமை தொடக்கம் முதலே அமைந்ததன்று. 1990களின் தொடக்கத்தில் ஒலி அட்டையைப் பொருத்துபவர், அதற்குரிய குறுக்கீட்டு எண்ணை, அட்டையிலுள்ள ஜம்பர் என்னும் சிறு இணைப்புகளை மாற்றித் தாமே அமைக்க வேண்டியிருந்தது. இரண்டு அட்டைகள் ஒரே எண்ணைக் கொண்டால் அவை முறையாக இயங்கா.

1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இயக்க அமைப்பும், 1996இல் வகுக்கப்பட்ட யுஎஸ்பி தரமும் இச்சுமையைக் குறைத்தன. ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் தன் தயாரிப்பாளர் எண், பொருள் எண், வகை ஆகியவற்றைத் தன்னுள் கொண்டுள்ளது. கருவி செருகப்பட்டதும், இயக்க அமைப்பின் மையப்பகுதியாகிய கெர்னல் அவ்விவரங்களைக் கேட்டறிகிறது. அவற்றுக்குப் பொருந்தும் இயக்கி நிரலைத் தேடிக் கருவியை அதனிடம் ஒப்படைக்கிறது. கெர்னலின் பொதுவான கட்டளைகளை அக்கருவி ஏற்கும் வடிவில் மாற்றித் தருவதே இயக்கியின் பணியாகும்.

இயக்கிகள் பல, கெர்னலின் முழு அதிகாரத்தோடு இயங்குகின்றன. சாதாரணச் செயலியில் பிழை நேர்ந்தால் அச்செயலி மட்டும் நிற்கும். இத்தகைய இயக்கியில் பிழை நேர்ந்தால் கணினி முழுவதுமே நின்றுவிடக்கூடும். 1998 ஏப்ரலில் சிகாகோவில் பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98 செயல்விளக்கம் நடைபெற்றது. அப்போது வருடி ஒன்றைச் செருகியதும், கெர்னல் மட்டத்தில் நேர்ந்த பிழையால் நீலத்திரை தோன்றிக் கணினி நின்றது.

ஆகவே, இயக்கியை எழுதுவோர் கருவி சரியாக இயங்கும் நிலையை மட்டும் கருதுதல் போதாது. கருவி இடையில் கழற்றப்படினும், தவறான தரவை அனுப்பினும், கெர்னல் நிலைகுலையாதவாறு நிரலை அமைத்தல் வேண்டும்.