கத்தியா, கரண்டியா?

கே: என் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். யூடியூப் பார்த்து, உள்ளங்கை அகலப் பலகைகளில் பூ, வயல், ஏரி என்று வரைகிறாள். பிரஷ்ஷைத் தொடுவதே இல்லை. ஒரு சின்னக் கத்தியால் பெயின்ட்டை எடுத்து அப்புகிறாள். கேட்டால் ‘நைஃப் பெயின்டிங்’ என்கிறாள். என் மாமனார் கொத்தனாராக இருந்தவர். “இதுக்கு ஒரு கிளாஸா? நாப்பது வருஷமா நான் பாத்த பூச்சு வேலைதானேம்மா இது” என்று கிண்டல் செய்கிறார். இதை முதலில் தொடங்கியது யார்?
— வாசகி, திட்டக்குடி

ப: முதலில் உங்கள் மாமனாருக்கு ஒரு வணக்கம். மகளின் கையில் இருக்கும் கத்தியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கைப்பிடியிலிருந்து கழுத்து ஒரு மடிப்பு மடிந்து கீழே இறங்கி, அப்புறம்தான் அலகு நீளும். கொத்தனார் கரண்டிக்கும் அதே கழுத்துதான். காரணமும் ஒன்றே. அலகு படுக்கையாகத் தேய்க்கும்போது விரல் முட்டி ஈரப் பூச்சில் படக்கூடாது. சாந்துக் கரண்டியைப் பத்தில் ஒரு பங்காகக் குறுக்கினால் ஓவியன் கத்தி. வெட்டும் வேலை எதையும் அது செய்வதில்லை. ‘கத்தி’ என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது.

யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த பொருள் இல்லை இது. எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்து மெதுவாக முதலாளியான கதை. ஐரோப்பாவில் எண்ணெய் வண்ணத்தைக் கடையில் வாங்க முடியாத காலத்தில், பட்டறையிலேயே அரைத்தார்கள். வழவழப்பான கல்லில் வண்ணப்பொடியைக் கொட்டி, ஆளி விதை எண்ணெய் விட்டு, கல் குழவியால் சுற்றிச் சுற்றி அரைக்க வேண்டும். அம்மியில் மிளகாய் அரைத்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். அரைத்து முடித்ததும் விழுதை வழித்தெடுக்க ஏதாவது வேண்டுமே! அதற்கு வந்ததுதான் மெல்லிய, வளைந்துகொடுக்கும் தகடு. தட்டில் இரண்டு வண்ணங்களைக் குழைப்பதும், சாயங்காலம் மிச்சத்தைச் சுரண்டி எறிவதும், படம் சரியாக வராவிட்டால் கித்தானிலிருந்தே வழித்துப் போடுவதும் அதன் வேலை. பெரும்பாலும் எஃகு. ஆனால் நேப்பிள்ஸ் மஞ்சள் என்ற ஈயக் கலவை வண்ணம் இரும்பு பட்டால் கெட்டுவிடும் என்று பயந்து, அதற்கு மட்டும் தந்தத்திலோ கொம்பிலோ செய்த தகட்டை வைத்துக்கொண்டார்கள். வாழைப்பூவை இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினால் கறுத்துப்போவது போன்ற கவலை.

இந்த எடுபிடி எப்போது படத்துக்குள் நுழைந்தது? வண்ணத்தை உலோகக் கருவியால் இழைப்பது மட்டும் மிகப் பழையது. எகிப்தில் ஃபயூம் பகுதியில் கி.பி. 1 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை, இறந்தவர்களின் முகங்களைத் தேன்மெழுகு கலந்த வண்ணத்தில் பலகையில் எழுதினார்கள். அந்த மெழுகில் கருவி உழுத தடங்கள் இன்னும் தெரிகின்றன. ஆனால் அந்த மரபு நடுவில் அறுந்துபோயிற்று. எண்ணெய் வண்ணத்தில், வெனிஸ் நகரத்து டிஷியன் முதுமையில் பிரஷ்ஷைவிட விரலையே அதிகம் நம்பினார் என்று அவர் பட்டறையில் இருந்தவர் வழியாகச் செய்தி உண்டு. ரெம்பிராண்டின் ‘யூத மணமகள்’, 1660-களின் பிற்பகுதியில் வரைந்தது, இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. மணமகனின் பொன்னிறக் கைச்சட்டையில் வண்ணம் புடைத்து நிற்கும். அங்கே தகடும் வேலை செய்திருக்கிறது என்பது வல்லுநர் கருத்து. இங்கிலாந்தில் கான்ஸ்டபிள் 1820-களில் ஆறு, மரம், மேகம் என்று வரைந்துவிட்டு, ஈர இலையின் மினுக்கத்துக்காக வெள்ளையைக் கத்தியால் தெறித்தாற்போல் வைத்தார். கேலிக்காரர்கள் அதற்கு ‘கான்ஸ்டபிளின் பனி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முழுப் படத்தையும் கத்தியின் கையில் கொடுத்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் குஸ்தாவ் கூர்பேயைக் காட்டுவேன். பிரான்சில் ஓர்னான் என்ற சிற்றூர்க்காரர்; 1819-இல் பிறந்தவர். அவர் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகள். உங்களுக்குச் சுண்ணாம்புக்கல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, வெள்ளாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அரியலூர் மாவட்டம். கூர்பே முதலில் கித்தானில் இருட்டான அடிப்பூச்சு பூசிவிடுவார். அதன்மேல் வெளிச்சம் படும் இடங்களைக் கத்தியால் இழைத்து ஏற்றுவார். வண்ணம் அங்கங்கே தொற்றும், அங்கங்கே விட்டுப்போகும். விட்டுப்போன இடத்தில் அடியிலிருக்கும் கறுப்பு எட்டிப் பார்க்கும். பாறையின் வெடிப்பும் சொரசொரப்பும் வரையாமலே வந்து நிற்கும். 1869 வாக்கில் கடலலைகளையும் இதே கையால் வரைந்தார். அலைகள் சிமென்ட்டில் வார்த்ததுபோல் கனக்கின்றன; எனக்கு அதுதான் அவற்றின் அழகு. 1849-இல் சாலையோரம் கல் உடைப்பவர்களை ஆளுயரத்துக்கு வரைந்து பாரீஸ் கனவான்களை முகம் சுளிக்க வைத்தவரும் இவரே. கொத்தனார் கரண்டிக்கு உறவான கருவி இவர் கையில் பெரிய பதவிக்கு வந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

கத்தியின் இந்த ஏற்றத்துக்கு ஒரு குழாயும் துணை செய்தது. அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குத்தித் துளை போட்டுப் பிதுக்கினால் மறுபடி மூட வழியில்லை. ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-இல், மறுபடி மூடக்கூடிய தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். பற்பசைக்கெல்லாம் அப்புறம்தான் டியூப் வந்தது. வெண்ணெய்ப் பதத்தில் வண்ணம் எப்போதும் கைவசம். வெண்ணெயை எடுக்கப் பிரஷ் எதற்கு?

பிரெஞ்சு ஓவியர் செசான் இளவயதில், 1866-இல், தாய்மாமன் தோமினிக்கை உட்கார வைத்து வரிசையாகக் கத்தியால் வரைந்து தள்ளினார். அதே வருஷம் நண்பர் வலப்ரேக்கின் முகத்தை வரைந்து பாரீஸ் கண்காட்சிக்கு அனுப்ப, நடுவர்களில் ஒருவர் இது கத்தியால் மட்டுமில்லை, துப்பாக்கியாலும் வரைந்த படம் என்று அலறினாராம். படம் திரும்பி வந்தது. உங்கள் மாமனாரின் கிண்டலை மகள் இந்த வரிசையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு கத்தி ஓவியம் வீட்டுக் கூடத்துக்கு வந்ததற்கு டிவிதான் காரணம். அமெரிக்க விமானப்படையில் இருந்து அலாஸ்காவின் பனிமலைகளைப் பார்த்தவர் பாப் ராஸ். 1983 முதல் 1994 வரை 403 நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் அரை மணிக்குள். கத்தி விளிம்பில் வெள்ளையை ஒரு நூல்போல் திரட்டி, மலைச்சரிவில் அழுத்தாமல் இழுப்பார். பனி உடைந்து உடைந்து விழும். மழையில் நனைந்த பூங்கா, ஆரஞ்சு விளக்கு, குடை பிடித்த ஜோடி என்று வாட்ஸ்அப் குட்மார்னிங்கில் வருகிறதே, அந்தப் படங்களின் மூலவர் வீட்டெப்ஸ்க் நகரில் பிறந்த லியோனித் அஃப்ரெமோவ். அவரும் கத்திக்காரர். 2019-இல் மெக்சிகோவில் காலமானார்.

கே: நம் பழைய ஓவியர்களிடம் இந்தக் கத்தி இருந்ததா?
— வாசகர், சிதம்பரம்

ப: ஓவியரிடம் இல்லை, சுதைக்காரரிடம் இருந்தது. உங்கள் ஊர்க் கோயிலில் சிவகாமசுந்தரி சன்னிதி விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்களை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். கோடும் மெல்லிய வண்ணமும்தான்; பூசிப் புடைக்க வைக்கும் பேச்சே கிடையாது. அதற்குப் பிரஷ் போதும். பிரஷ்ஷுக்கு நம்மிடம் பழைய பெயரும் உண்டு: துகிலிகை. நற்றிணையில் ஒரு பாட்டு, பாதிரிப் பூவை அரக்குத் தோய்த்த துகிலிகைக்கு ஒப்பிடுகிறது. குழல்போன்ற பூவும் நுனியில் துய்யும் அப்படியே பிரஷ்தான். அந்தப் பாதிரிதான் உங்கள் மாவட்டத் தலைநகரில் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலின் தலமரம். பூவைப் பார்த்துப் பிரஷ் ஞாபகம் வந்தது அவர்களுக்கு. பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டுப் பூ வரைகிறோம் நாம்.

கத்தியின் வேலை நடந்தது கோபுரத்தில். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துப் பக்குவப்படுத்திய சுண்ணாம்பை, விரலகலக் கரண்டியில் எடுத்து வைத்து, நுனியால் அழுத்தி, மாலையின் ஒவ்வொரு பூவிதழாக எழுப்புவார்கள். வண்ணம் பிறகு. இன்றைக்குக் கடையில் ‘மாடலிங் பேஸ்ட்’ என்று டப்பாவில் கிடைப்பது, சலவைக்கல் பொடியை அக்ரிலிக் பசையில் குழைத்தது. சுண்ணாம்பின் தங்கைதான்.

நம் நாட்டு நவீன ஓவியர்களில் ராம்குமார் வாரணாசியின் படித்துறைகளைச் சாம்பல் நிறப் பாளங்களாக்கியது கத்தியால். அக்பர் பதம்சி 1970-களில் ‘மெட்டாஸ்கேப்’ என்று வரைந்த வரிசையும் அப்படியே. தமிழ்நாட்டில் பெரம்பலூரைத் தாண்டி, துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலத்தைக் கோட்டோவியக்காரராகவே பலருக்குத் தெரியும். அவருடைய பிற்கால அரூப எண்ணெய் ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். நிலத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வண்ணம் பாளம் பாளமாகப் படிந்திருக்கும்.

கே: ஏன் எல்லாரும் தீப்பெட்டி சைஸில் வரைகிறார்கள்?
— வாசகர், விருத்தாசலம்

ப: காசுதான் சார். கத்தியால் வரைந்தால் வண்ணம் வேகமாகக் கரையும், டியூப் சீக்கிரம் காலியாகும். நாலுக்கு நாலு அங்குலப் பலகைக்குக் கைக்கு அடக்கமான செலவு. இரண்டடிக்குப் போனால் வீட்டில் கேள்வி வரும். இன்னொன்று, வெளியில் உட்கார்ந்து வரைபவருக்கு வெளிச்சம் காத்திருக்காது. சின்னப் பலகையென்றால் சூரியன் இறங்குவதற்குள் முடியும். 1889-இல் மெல்போர்ன் நகரில் ஓவியர் டாம் ராபர்ட்ஸும் நண்பர்களும் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பலகையின் அங்குல அளவை வைத்து ‘ஒன்பதுக்கு ஐந்து’ என்பதே அதன் பெயர். பெரும்பாலும் சுருட்டுப் பெட்டியின் மூடிகள், மொத்தம் 183 படங்கள். திருச்சி உறையூரில் சுருட்டு கொடிகட்டிப் பறந்த காலத்தில் நம்மவர் யாருக்கும் இந்த யோசனை வரவில்லையே என்று எனக்கு ஒரு சின்ன ஆதங்கம்.

கே: பிரஷ்ஷைவிட இது சுலபமா?
— வாசகி, பெண்ணாடம்

ப: பார்க்கச் சுலபம். நானே ஒரு செண்டுமல்லி போட்டுப் பார்த்தேன். கத்தியின் அடிப்பக்கத்தில் மஞ்சளை வழித்து, பலகையில் நுனியை வைத்து, ஒரு அழுத்து, ஒரு இழு, உடனே தூக்கு. ஓர் இதழ் வந்துவிட்டது. ஓரத்தில் மெல்லிய வரப்பு, நடுவில் கத்தி பட்ட பளபளப்பு. சந்தோஷத்தில் அதே இடத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம் என்று இரண்டாம் முறை தேய்த்தேன். போச்சு. அடியிலிருந்த பச்சை கிளம்பி மஞ்சளோடு குழைந்து, வெள்ளாற்று வெள்ளத்தின் நிறம். வைத்த இதழைத் தொடக்கூடாது, கத்தியை ஒவ்வொரு இழுப்புக்கும் பழந்துணியில் துடைக்க வேண்டும் என்ற இரண்டும் எனக்குப் புரிய ஆறு பலகை செலவாயிற்று.

கத்திக்கு எது வரும், எது வராது என்றும் தெரிந்துகொண்டேன். நேரானதெல்லாம் வரும். பனைமரத்தின் உடல் கத்தி விளிம்பை ஒரு தரம் பதித்தால் நிற்கும். கீழ்ச்செருவாயில் வெலிங்டன் ஏரிக்கரை ஒரே இழுப்பு. தண்ணீருக்கு அலகைப் படுக்க வைத்து இடமிருந்து வலமாக ஒரு தடவல். தென்னை ஓலைக்கு விளிம்பால் தட்டித் தட்டி எடுக்கலாம். வளைவு மட்டும் வராது; எருமைக் கொம்பு போட்டால் பிறை நிலாவுக்குக் கால் முளைத்ததுபோல் இருக்கிறது. யூடியூப் ஆசிரியர்கள் லாவெண்டர் வயலையும் சிவந்த மேப்பிள் மரத்தையுமே திரும்பத் திரும்பப் போடுவதால், நம் பிள்ளைகளும் பார்த்திராத நாட்டைத்தான் வரைகிறார்கள். வெயில் காலத்து வெள்ளாற்று மணலை யாராவது கத்தியால் வரைந்திருந்தால் நான் காசு கொடுத்தே வாங்குவேன்.

வெயில் என்றதும் ஒன்று. அக்ரிலிக் தண்ணீர் ஆவியாகிக் காய்வது. சித்திரையில் திட்டக்குடிப் பக்கம் ஃபேனுக்கு அடியில் வைத்தால் தட்டிலேயே பாலேடு மாதிரித் தோல் கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுக்குங்கள். எண்ணெய் வண்ணம் இதற்கு நேர் எதிர். காற்றோடு சேர்ந்து இறுகுவது அது. மேலே காய்ந்ததுபோல் தெரியும், தடித்த இடத்தில் உள்ளே மாதக்கணக்கில் ஈரம் இருக்கும். அவசரப்பட்டு ஃப்ரேம் கடைக்குக் கொடுத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரும்.

கே: என்னிடம் பட்டி பார்க்கிற தகடு இருக்கிறது. அதில் வரையலாமா?
— வாசகர், தொழுதூர்

ப: தாராளமாக. வானத்துக்கும் வயலுக்கும் அதுவே போதும். புதுத் தகட்டின் மூலை கூர்மையாக இருக்கும், கித்தானைக் கிழித்துவிடும். உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்துக்கொள்ளுங்கள். பலகையில் வரைவதானால் அதுவும் வேண்டாம்.