கணிதம் 13 மதிப்பெண் மட்டும்தானா?

கேள்வி: சிவில் பட்டம் முடித்துவிட்டு, கட்டட மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். இரவில் கேட் தேர்வுக்குப் படிக்கிறேன். மண்ணியல், கட்டமைப்பியல், நீரியல் எல்லாவற்றையும் மூன்று தடவை வாசித்தாயிற்று, சூத்திரங்களும் மனப்பாடம். ஆனாலும் மாதிரித் தேர்வில் தெரிந்த பாடத்திலேயே தடுமாறுகிறேன். ஞாபகசக்தி போதவில்லையா? கணிதத்துக்கு 13 மதிப்பெண்தானே, அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்கலாமா?
— வாசகர், சிவகாசி

பதில்: இரண்டாகக் கேட்டிருக்கிறீர்கள்; இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

முதலில் ஞாபகசக்தி பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். சூத்திரங்கள் மனப்பாடமாக இருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே குறை நினைவில் இல்லை. கேள்வித்தாள் சூத்திரத்தை அப்படியே கேட்பதில்லை. அந்தச் சூத்திரம் பிறந்த நிபந்தனைகளில் ஒன்றை மாற்றிவிட்டுக் கேட்கிறது. நீங்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

அடுத்தது அந்த 13 மதிப்பெண் கணக்கு. கேட் சிவில் தாளில் பொதுத்திறனுக்கு 15, கணிதத்துக்கு 13, பாடத்துக்கு 72 என்பது சரியே. ஆனால் 13 என்பது கணிதம் தன் பெயரிலேயே வரும் கேள்விகளுக்கான மதிப்பெண். 72க்குள்ளும் அது வேறு பெயர்களில் வருகிறது. சிவில் பொறியாளர்களுக்கு உரிமத் தேர்வு நடத்தும் பிலிப்பைன்ஸ் நாட்டில், கணிதமும் நில அளவையும் போக்குவரத்துப் பொறியியலும் ஒரே தாளாக வருகின்றன. கணிதத்தைப் பாடத்திலிருந்து பிரிக்க முடியாது என்பதை அந்த ஏற்பாடே காட்டுகிறது. ஏன் பிரிக்க முடியாது என்பதை நான்கு கணக்குகளில் பார்ப்போம்.

ஒன்று, உத்தரம். இரு முனையிலும் தாங்கப்பட்ட 6 மீட்டர் உத்தரம். மொத்தச் சுமை 18 கிலோநியூட்டன். இடது முனையில் பூஜ்யமாகத் தொடங்கி வலது முனை வரை சீராக ஏறும் முக்கோணச் சுமை. பெண்டிங் மொமெண்ட், அதாவது உத்தரத்தை வளைக்க முயலும் திருப்புவிசை, எங்கே உச்சம்? சுமையின் மையம் 4 மீட்டரில் இருப்பதால் அங்கேதான் என்று பலர் எழுதிவிடுவார்கள். வகைநுண்கணிதம் சொல்வது வேறு. மொமெண்ட் ஏறும் வேகமே ஷியர் விசை, அதாவது உத்தரத்தைக் குறுக்கே வெட்ட முயலும் விசை. ஷியர் பூஜ்யமாகும் இடத்தில் மொமெண்ட் உச்சம். இடது தாங்கி சுமையில் மூன்றில் ஒரு பங்கை, 6 கிலோநியூட்டனைத் தாங்குகிறது. இடமிருந்து எண்ணினால், தூரத்தின் வர்க்கத்தில் பாதிதான் அதுவரை சேர்ந்த சுமை. அது 6 ஆகும் இடத்தில் தூரத்தின் வர்க்கம் 12, தூரம் 3.46 மீட்டர். அங்கே மொமெண்ட் 13.86 கிலோநியூட்டன் மீட்டர். இதற்குத் தனிச் சூத்திரம் எதுவும் நினைவில் இருக்க வேண்டியதில்லை.

இரண்டு, களிமண் படுகை. கன்சாலிடேஷன் என்பது சுமையின் கீழ் களிமண்ணிலிருந்து நீர் மெல்ல வெளியேறி மண் இறுகுவது. பொறியாளர் டெர்சாகி வெளியிட்ட இதன் சமன்பாடு, வெப்பம் பரவுவதற்கான சமன்பாட்டின் அதே வடிவம் கொண்டது. அதனால் நேரம், நீர் வெளியேற வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. மேலேயும் கீழேயும் மணல் இருந்த படுகையில், கீழ்ப்பக்க வடிகால் அடைபட்டால் நீர் போகும் தூரம் இரட்டிக்கும். அதே அளவு இறுக நான்கு மடங்கு காலம் பிடிக்கும். இதைப் புரிந்துகொண்டவர் கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் அசரமாட்டார்.

மூன்று, நிகழ்தகவு. கண்மாய்க் கலுங்கை '50 ஆண்டு வெள்ளத்துக்கு' வடிவமைத்தால் 50 ஆண்டுக்குக் கவலையில்லை என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சொல்லின் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அந்த வெள்ளம் வர 2 சதவீத வாய்ப்பு என்பதே. 50 ஆண்டும் அது வராமலிருக்க, 0.98ஐ 50 முறை பெருக்க வேண்டும்: ஏறக்குறைய 0.36. ஆக ஒரு தடவையேனும் வந்துவிட 64 சதவீத வாய்ப்பு. கான்கிரீட்டிலும் இதே கணிதம்தான். ஐஎஸ் 456:2000இன்படி, எம்25 என்பது வலிமைச் சோதனை முடிவுகளில் 5 சதவீதத்துக்கு மேல் 25க்குக் கீழே போகாது என்ற எதிர்பார்ப்பு. திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 4 என்று கொண்டால், கலவையின் இலக்கு 25 உடன் 1.65 மடங்கு 4 சேர்ந்து 31.6. நீங்கள் மனப்பாடம் செய்த அந்த 1.65, மணி வடிவ வளைவில் கீழ்க்கோடி 5 சதவீதத்தைப் பிரிக்கும் இடம்.

நான்கு, உங்கள் பக்கத்துக் கணக்கு. பட்டாசு ஆலைகளில் வேலை அறைகளைச் சிறிதாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெடிமருந்து எட்டு மடங்கானால் இடைவெளியும் எட்டு மடங்காக வேண்டுமா? மருந்தின் எடை கனஅளவைப் பொறுத்தது, அது நீளத்தின் மும்மடி. ஆகவே அழுத்த அலை அதே வலிமையுடன் எட்டும் தூரம், எடையின் கனமூலத்துக்கு ஏற்ப, இரு மடங்குதான் ஆகிறது. ஹாப்கின்சன் 1915இலும் கிரான்ஸ் 1926இலும் வகுத்த விதி இது. ஆலை கட்டும்போது பின்பற்ற வேண்டியவை 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் குறித்த தூரங்களே. தேர்வுக்கு வேண்டியது இதற்குள் இருக்கும் பரிமாணப் பகுப்பாய்வு, அதாவது அலகுகளை வைத்தே தொடர்பைக் கண்டுபிடிக்கும் முறை.

ஆகவே கணிதத்தைத் தள்ளிவைக்காதீர்கள்; ஜோடி சேர்த்துப் படியுங்கள். நுண்கணிதத்தைக் கட்டமைப்பியலோடும், வகைக்கெழுச் சமன்பாடுகளை மண்ணியலோடும், நிகழ்தகவை நீரியல், கான்கிரீட்டோடும், சிம்சன் விதியை நில அளவையில் வரும் மண்வேலைக் கணக்கோடும் சேருங்கள். அணிகளை முதன்மைத் தகைவுகளோடு சேருங்கள். ஷியர் தகைவு இல்லாத தளங்களில் வரும் தகைவுகள் அவை. 50, 10 என்ற தகைவுகளும் 15 என்ற ஷியர் தகைவும் இருந்தால் விடை 55, 5. கூட்டல் 60, பெருக்கல் 275 என்று அணியோடு ஒத்துவருகிறதா என நொடியில் சரிபார்த்துவிடலாம்.

நான்காவது தடவை வாசிக்கவும் வேண்டாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வில் எண்ணை நாமே தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளும் உண்டு. அங்கே தெரிவு செய்ய விடைகள் இருக்காது, ஆனால் தவறினால் மதிப்பெண்ணும் கழியாது. அவற்றை விடாதீர்கள்.

இன்றிரவே தொடங்கலாம். மேலே சொன்ன உத்தரத்தின் சுமையை வலமிருந்து இடமாக ஏறும்படி மாற்றுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, உச்ச மொமெண்ட் எங்கே வரும் என்று போட்டுப் பாருங்கள். இடது முனையிலிருந்து 2.54 மீட்டர் என்று வந்தால், நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.