பெயர் மாறிய பலகை ஓவியம்

பழைய ஓவியமொன்றை ஆராயப் புகுவோர் இரண்டு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். அதனைத் தீட்டியவர் யாவர் என்பது ஒன்று. அது யார் யார் கைப்பட்டு இன்றுள்ள இடத்தை அடைந்தது என்பது மற்றொன்று. முன்னையது கர்த்தாவைத் துணிதல். பின்னையது உடைமைவழியை நாடல். ஒன்றில் நேரும் வழு மற்றையதையும் மறைத்துவிடும். ஒன்றிற் கிடைக்கும் தெளிவு மற்றையதற்கும் விளக்காகும். இதனை ஓர் உதாரணங் கொண்டு விளக்குவாம்.

பிளெமிய ஓவியருள் தலைசிறந்தவரான பீற்றர் போல் ரூபன்ஸ் (1577–1640) இத்தாலியிற் பல்லாண்டு பயின்று, 1608 ஆம் ஆண்டின் இறுதியில் அன்ற்வேர்ப் நகருக்கு மீண்டார். மீண்ட சில ஆண்டுகளில், ஏறக்குறைய 1611–1612 இல், 'மாசற்ற குழவியர் படுகொலை' என்னும் ஓவியத்தை மரப்பலகைமீது எண்ணெய் வர்ணத்தால் தீட்டினார். ஏரோது மன்னன் பெத்தலகேமின் ஆண் மகவுகளைக் கொல்வித்த விவிலியச் செய்தியே அதன் பொருள். சேவகரோடு போராடும் அன்னையரின் அவலம் காண்போர் நெஞ்சைப் பிளக்கும். ஓவியம் ஏறக்குறைய 142 சதமமீற்றர் உயரமும் 182 சதமமீற்றர் அகலமும் உடையது.

இனி அதன் உடைமைவழியை நோக்குவாம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அஃது அன்ற்வேர்ப் நகரிற் கலைப்பொருள் வாணிகம் நடத்திய போர்ஷூட் குடும்பத்தாரிடம் இருந்தது. 1700 அளவில் அவர்கள் அதனையும், ரூபன்ஸின் 'சிம்சோனும் தெலீலாளும்' என்னும் வேறொரு பலகை ஓவியத்தையும் லீக்டன்ஸ்ரைன் இளவரசருக்கு விற்றனர். இரண்டும் வியன்னாவிலிருந்த அவரது மாளிகையை அலங்கரித்தன. 1767 இல் அத்தொகுதிக்கு வின்சென்சோ பான்தி என்பார் வகுத்த பட்டியலிற் படுகொலை ஓவியம் டி நேவே என்பவரின் ஆக்கமெனக் குறிக்கப்பட்டது. பின்னர் அது ரூபன்ஸின் உதவியாளருள் ஒருவரான யான் வான் டென் ஹூக்கே என்பார் பெயரைப் பெற்றது. அப்பெயருடனேயே 1920 இல் விற்கப்பட்டு, ஒஸ்திரியக் குடும்பமொன்றன் உடைமையாயிற்று. 1923 இல் ரைக்கர்ஸ்பேர்க் மடத்துக்கு இரவலாகச் சென்றது.

இத்தகைய வழு நேர்தல் எவ்வாறு? ரூபன்ஸ் தம் ஓவியங்களிற் பெயர் பொறித்தல் அரிது. அவரது பட்டறையிற் பல மாணாக்கர் பணியாற்றினர். குருவின் நடையைப் பின்பற்றுதலே அவர்தம் பயிற்சி. ஆதலின் ஒருவர் கையை மற்றொருவர் கையினின்று பிரித்தறிதல் எளிதன்று. ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயரைப் பின்வந்தோர் ஆராயாது வழிமொழிதலும் உண்டு.

2001 இல் இலண்டனிலுள்ள சொதபிஸ் ஏல நிலையத்துப் பிளெமிய ஓவிய நிபுணரான ஜோர்ஜ் கோர்டன் இவ்வோவியத்தைக் கண்ணுற்றார். அதன் உடலமைப்புகளும் வர்ணப் பிரயோகமும் 'சிம்சோனும் தெலீலாளும்' ஓவியத்தை ஒத்திருத்தலை உணர்ந்து, இது ரூபன்ஸின் கைவண்ணமே எனத் துணிந்தார். ஒப்புநோக்கப்பட்ட அவ்வோவியம் அன்ற்வேர்ப் நகர்த் தலைவர் நிக்கொலாஸ் றொக்கொக்ஸுக்காக வரையப்பட்டது. அதனைப் பார்த்து யாக்கோப் மாத்தாம் செதுக்கிய அச்சுப்படமும் உண்டு. எனினும் இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள பலகை ரூபன்ஸ் வரைந்ததுதானா என ஐயுறுவார் சிலர் உளர். ஆதலின் நடையொப்புமை மாத்திரம் போதாது. இரு பலகைகளும் ஒரே வணிகரிடமிருந்து ஒரே இளவரசரை அடைந்தன என்னும் உடைமைவழிச் செய்தி இங்கே பெருந்துணையாகின்றது.

இன்னுமொரு நியாயமும் உண்டு. வான் டென் ஹூக்கே பிறந்த ஆண்டு 1611. ஓவியத்தின் நடை காட்டும் காலமும் அதுவே. தொட்டிலிற் கிடந்த குழந்தை இப்பெரும் படைப்பை ஆக்கியிருத்தல் இயலாதன்றோ! கர்த்தாவின் ஆயுட்காலத்தை ஓவியத்தின் காலத்தோடு பொருத்திப் பார்த்தல் மாணவர் எவரும் செய்யக்கூடிய முதற் சோதனையாகும்.

பலகை ஓவியங்களுக்கு மரமும் சான்று பகரும். ஓக் மரப்பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி, அம்மரம் எவ்வாண்டிற்கு முன் வெட்டப்பட்டிருத்தல் இயலாது என்பதை அறியலாம். எனினும் மரம் காலத்தை உணர்த்துமேயன்றித் தீட்டிய கையை உணர்த்தாது. கண், ஏடு, மரம் ஆகிய மூன்றும் ஒத்துரைக்குமிடத்தே துணிபு வலுப்பெறும்.

2002 யூலை 10 ஆம் நாள் நடந்த ஏலத்தில் இவ்வோவியம் 4 கோடியே 95 இலட்சம் பவுணுக்கு விலைப்பட்டது. அதனைப் பெற்ற கனடா நாட்டுச் செல்வர் கெனெத் தொம்சன் தம் கலைத்தொகுதியை ரொறன்ரோ நகரிலுள்ள ஒன்ராறியோ கலைக்கூடத்துக்கு ஈந்தார். 2008 முதல் ஓவியம் அங்கே பொதுமக்கள் பார்வைக்குரியதாயிற்று.

உடைமைவழி ஆராய்ச்சி விலையை நிச்சயித்தற்கு மட்டும் உரியதன்று. 1933 முதல் 1945 வரை நாற்சிகள் பறித்த கலைப்பொருள்களை உரியாரிடம் சேர்ப்பித்தற்கும் அதுவே வழி. இதன்பொருட்டு 1998 இல் 44 நாடுகள் வாசிங்ரனிற் கூடிச் சில நெறிகளை ஏற்றன. உடைமை வரிசையில் ஓர் இடைவெளி இருப்பின், அங்கே ஒரு குடும்பத்தின் இழப்பு மறைந்திருத்தல் கூடும்.

மடத்துச் சுவரிலே தொங்கிய பலகையும் ஏலத்தில் விலைபோன பலகையும் ஒன்றே. அன்னையரின் ஓலமும் அதுவே. பெயர் ஒன்றே மாறியது. ஆதலின் பட்டியல் எழுதுவோர், தாம் அறியாத பெயரை அறிந்ததுபோல் எழுதாதிருத்தல் வேண்டும். பட்டியலைப் படிப்போரும் அது சொல்வதை ஏற்கும் முன் பொருளைக் கண்ணாற் காணல் வேண்டும்.